இடைவிழிப்பு

என்னை எல்லோரும் மாட்டு டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கோபித்துக்கொண்டு பயனில்லை. படித்தது கால்நடை மருத்துவம். ஆனால் தேரியில் கம்பெனி வேலைக்குச் சேர்ந்தபின் ஒரு மாட்டின் வாலைக்கூட நான் தொட்டதில்லை. அந்தச் செம்மணல் காட்டில் மாடு மேய்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. எனக்கு வாய்த்த நோயாளிகள் அணில்கள்.

அணில் என்றதும் முதுகில் மூன்று கோடும் முருங்கை மரமும் உங்களுக்கு நினைவு வந்தால் அதைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். இது மரம் ஏறாது, கோடும் கிடையாது. எங்கோ ஒரு வெளிநாட்டுப் பாலைவனத்திலிருந்து கம்பெனி கொண்டுவந்த மண்ணணில். தண்ணீர் குடிக்காது, தின்கிற இலையில் இருக்கிற ஈரமே அதற்குப் போதும். உச்சி வெயிலில் வாலைத் தலைக்கு மேல் குடையாக வளைத்துக்கொண்டு மேயும். வெயில் இன்னும் ஏறினால் நிழலில் மேல்மண்ணைப் பறித்து எறிந்துவிட்டு, அடியில் குளிர்ந்திருக்கிற மண்ணில் வயிறு ஒட்டப் படுத்துவிடும். நான்கு காலும் நாலு பக்கம் கிடக்கும். முதல் நாள் பார்த்தபோது செத்துவிட்டது என்று நினைத்து நான் பதறியதை என் மைனி, அண்ணன் மனைவி, ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.

அதுவும் தாங்காது என்கிற மாதங்கள் வந்தால் வங்குக்குள், அதாவது தன் வளைக்குள் போய், உள்ளேயிருந்தே வாயை மண்ணால் அடைத்துக்கொண்டு சுருண்டுவிடும். இதயம் எப்போதோ ஒருமுறை துடிக்கும். மூச்சு இருக்கிறதா என்று கண்ணாடி வைத்துத்தான் பார்க்க வேண்டும். மழை வரும்வரை அதற்கு உலகம் வேண்டாம்.

இந்தக் கடைசி வித்தையைத்தான் கம்பெனி மனிதர்களுக்குக் கொண்டுவந்தது. தேரி முழுக்கச் சூரியத் தகடுகள். மணல் படியப் படியத் துடைக்க ஆள் வேண்டும். கோடையில் அங்கே ஆள் நிற்க முடியாது. நிற்க முடியாத ஆளுக்கு எதற்குத் தண்ணீர் என்று யாரோ ஒரு புத்திசாலி யோசித்திருக்கிறான். கிணறுகள் வற்றி, எங்கள் ஊருக்குக் குடிதண்ணீரே கம்பெனிக் குழாயில்தான் வந்துகொண்டிருந்தது. அணிலின் ரத்தத்திலிருந்து ஓர் ஊசி செய்தார்கள். சித்திரையில் போட்டுப் படுத்தால் ஆவணியில் எழும்பலாம். தரைக்கு அடியில் நீளமாக ஒரு குளிர்கூடம் கட்டி அதற்கு ஏதோ அழகான பெயர் வைத்தார்கள். ஊர்க்காரர்கள் பார்த்தவுடன் வங்கு என்றார்கள். அந்தப் பெயர்தான் நின்றது.

இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும், கதையே அதில்தான் இருக்கிறது. அணில் ஒரேயடியாக மரத்துக் கிடப்பதில்லை. சில நாளைக்கு ஒருமுறை எழும்பும். உடம்பை நடுநடுங்க உதறிச் சூடாக்கிக்கொள்ளும். சூடானதும் என்ன செய்யும் தெரியுமா? தூங்கும். மரத்துக் கிடப்பது வேறு, தூங்குவது வேறு. மரத்துக் கிடக்கும்போது மூளையில் முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழ்கின்றன. நடுவில் எழும்பித் தூங்கும்போதுதான் அது அவற்றைத் திரும்பப் போட்டுக்கொள்கிறது. அதனால் வங்கிலும் இடைவிழிப்பு நாள் என்று வைத்திருந்தார்கள். எல்லோரையும் எழுப்பி, கஞ்சி கொடுத்து, ஒரு நல்ல தூக்கம் தூங்கவிட்டு, மறுபடி ஊசி.

அந்த நாளுக்கென்று எங்கள் ஊரில் ஒரு பழக்கம் வந்தது. உள்ளே போகிறவர் வெளியே இருக்கிற ஒருவரிடம் ஒரு கேள்வியை ஒப்படைத்துவிட்டுப் போவார். இருவருக்கு மட்டும் பதில் தெரிந்த கேள்வி. இடைவிழிப்பு நாளில் இவர் போய் அதைக் கேட்பார். எழும்பியிருப்பது ஆள்தானா, வெறும் உடம்பா என்று பார்க்கிற சோதனை. கேள்வியை மாற்றக் கூடாது. கம்பெனியில் அதை மூடநம்பிக்கை என்றார்கள். நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அதைவிட நல்ல சோதனை இல்லை.

என்னிடம் கேள்வி ஒப்படைத்தவள் என் மைனி சுயம்புக்கனி. அண்ணன் கப்பல் வேலையில் இருக்கிறான். அவள் தகடு துடைக்கிறவள்; துடைக்கிறவர்கள் அத்தனை பேருக்கும் அவள்தான் வாய். தண்ணீர் குறைந்தாலும், கையுறை கிழிந்தாலும் மேலாளர் ஹரிநாத்தின் அறை வாசலில் முதலில் கேட்பது அவள் குரல்தான். எனக்கும் அவளுக்கும் ஒரு நாள் சண்டை இல்லாமல் போகாது.

அந்த வருஷம் சித்திரையில் வங்கின் படி இறங்கும்போது திரும்பி நின்று வழக்கம்போலக் கேட்டாள்.

“ஏளா மாட்டு டாக்டரு, கேள்வி ஞாபகம் இருக்கா?”

“இருக்கு மைனி. நீ எனக்கு மொதல்ல எடுத்துத் தந்த சேலை என்ன கலரு?”

“பதிலு?”

“கிளிப்பச்சை.”

“கட்டுனியாட்டி ஒரு நாளாவது?”

பதில் சொல்ல முடியாத இரண்டாவது கேள்வி இது. அவள் கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கென்று தூத்துக்குடிக் கடையெல்லாம் ஏறி இறங்கி எடுத்த சேலை. பார்த்தாலே கண் கூசும். நான் அதைப் பெட்டியின் அடியில் போட்டவள்தான். அவள் அதை மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை.

படியருகே ஹரிநாத் நின்றுகொண்டிருந்தார். மைனி அவரையும் விடவில்லை.

“சார், இந்த வருசம் நடுவுல எழுப்ப மாட்டியளாமே. நெசமா?”

“யார் சொன்னது? எல்லாம் வழக்கம்போலத்தான்மா.”

“உறங்கப் போறதுக்கு எங்கட்ட சம்மதம் கேக்கிய. எழுப்பாம இருக்கதுக்கும் கேக்கணும், பாத்துக்கிடுங்க.”

அவர் சிரித்தார். அவள் இறங்கிப் போனாள்.

முதல் இடைவிழிப்பு நாளுக்கு முன்னால் ஹரிநாத் அணில்கூடத்துக்கு வந்தார். இந்த வருஷம் எழுப்ப வேண்டாம், மருந்தில் புதிதாக ஒரு சேர்மானம் இருக்கிறது, அது சொட்டுச் சொட்டாக உள்ளே போய்க்கொண்டே இருந்தால் உடம்பு எழும்பக் கேட்காது என்றார்.

“எழுப்பினா தண்ணி, கஞ்சி, கரண்ட்டு எல்லாம் செலவு டாக்டர். ஒரே தூக்கமா தூங்கட்டுமே.”

“அது தூக்கம் இல்ல சார். அணிலே நடுவுல எழும்பித் தூங்குது. ஏன்னு யோசிக்க வேண்டாமா?”

“மனுஷன் அணில் இல்லையே.”

“அணில் மாதிரி சுருண்டு படுன்னு சொல்லும்போது மனுஷன் அணிலு. அணில் மாதிரி எழும்பணும்னு சொன்னா மட்டும் மனுஷனா?”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன்: வங்குக்கு ஒரு மனுஷ டாக்டர் இருந்தார். வெயில் ஏறினால் அவர் மலைக்குப் போய்விடுவார். வருஷா வருஷம் கோடையில் வங்கின் பொறுப்பு மருத்துவர் என்று கம்பெனி போட்டு வைத்திருந்தது என் பெயரைத்தான். படுத்துக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ள மாட்டு டாக்டர் போதாதா என்று நினைத்திருப்பார்கள்.

“சந்தேகமா இருந்தா உங்க அணிலுக்குக் குடுத்துப் பாருங்க,” என்றுவிட்டுப் போனார்.

கொடுத்துப் பார்த்தேன். மாமியார் என்று ஒரு பெண்ணணில் இருந்தது. பெயர் வைத்தவள் மைனி. வாயை மூடாது என்பதுதான் காரணம். அணில்கூடத்தின் கம்பிவலைக்கு மேல் பருந்து நிழல் ஓடினால் போதும், பின்னங்காலில் எழுந்து நின்று விசில் அடிக்கத் தொடங்கிவிடும். மகளும் பேத்திகளும் வங்குக்குள் போகிறவரை அடிக்கும். கடைசியாகத்தான் தான் போகும். பருந்தின் கண்ணில் முதலில் படுவது விசில் அடிக்கிற அணில்தான். அது தெரிந்தும் அடிக்கிறதா, தெரியாமலா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மாமியார் சுருண்டு கிடந்த நாட்களில் புது மருந்தைப் போட்டுவந்தேன். நடுவில் ஒருமுறைகூட அது எழும்பவில்லை. பிறகு மருந்தை நிறுத்தினேன். உதறிக்கொண்டு எழுந்து வெளியே வந்தது. நன்றாகத் தின்றது. நன்றாக மண் பறித்தது. உடம்பில் ஒரு குறையும் இல்லை. நானும் ஹரிநாத் சொன்னது சரிதானோ என்று நினைத்தேன்.

பருந்து வந்தது. மாமியார் நிமிர்ந்து பார்த்தது. சத்தமே போடாமல் தன் பாட்டுக்கு ஓடி வங்குக்குள் நுழைந்துகொண்டது. பின்னாலேயே ஓடி வந்த மகள் உள்ளே நுழையப் பார்த்தபோது கடித்துத் துரத்தியது. கம்பிவலை இருந்ததால் மகள் பிழைத்தது.

அன்று மாமியாரை நான் ஒன்றும் செய்யவில்லை. அது தானாகச் சுருண்டு தூங்கியது. வெறும் தூக்கம், நீளமான தூக்கம். தூங்கி எழுந்து வெளியே வந்த அன்றைக்கே பருந்து மறுபடி வந்தது. மாமியார் பின்னங்காலில் எழுந்தது. கொஞ்சம் தடுமாறியது. பிறகு விசில் அடித்தது. மகளைத் தெரிந்துதான் அடித்ததா என்றால் இல்லை. அதற்குப் பிறகும் மகளை அது பக்கத்தில் சேர்க்கவில்லை. ஆனாலும் அடித்தது.

நேராக ஹரிநாத்தின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பதறவில்லை. குளிர்ந்த தண்ணீர் ஜாடியை என் பக்கம் தள்ளி வைத்தார்.

“தெரியும் டாக்டர். வேற இடத்துல பாத்துட்டோம். வேலை எதுவும் மறக்கல. கைக்குத் தெரிஞ்சது மறக்காது. மறக்கிறது எல்லாம் வேற. யார் மேல கோபம், எதுக்குக் கோபம், அந்த மாதிரி. எழுந்து வர்றவங்க ரொம்ப அமைதியா இருக்காங்க. சொல்லப்போனா சந்தோஷமா இருக்காங்க.”

“பெத்த பிள்ளைய மறந்துட்டா?”

“திரும்பப் பழகிக்கலாமே.”

அதுவரை அந்த ஆளுக்கு ‘அவர்’ போட்டுத்தான் பேசினேன். இனிப் போடப் போவதில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஜாடியை எடுத்து அவன் தலையில் கவிழ்த்திருப்பேன். தண்ணீரை வீணாக்க மனம் வரவில்லை.

மறுநாள் காலையில் பெட்டியின் அடியிலிருந்து கிளிப்பச்சைச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டேன். ஒரு ஏமாற்று வேலைதான். மைனியை எழுப்பும்போது இதைப் பார்த்தாவது பதில் சொல்லட்டும் என்ற ஆசை. வங்கின் வாசலில் காவலுக்கு இருந்தவர் மாசானமுத்து அண்ணாச்சி. அவர் மனைவி உள்ளே கிடந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

“ஊருல கேள்வி வச்சிருக்கவுக எல்லாரையும் வரச் சொல்லுங்க அண்ணாச்சி.”

“வெயிலுல வருவாகளா?”

“எதுக்குன்னு சொல்லுங்க. வருவாக.”

உள்ளே போய்ச் சொட்டு மருந்தை ஒவ்வொரு கட்டிலாக நிறுத்தினேன். குளிரூட்டியை அணைத்தேன். கொஞ்ச நேரத்தில் உடம்புகள் நடுங்கத் தொடங்கின. இரும்புக் கட்டில்கள் கடகடவென்று ஆடின. பிறகு ஒவ்வொருவராகக் கண் திறந்தார்கள். இடைவிழிப்பு நாளென்றால் அங்கே சந்தைக்கடைச் சத்தம் இருக்கும். அன்று ஒரு சத்தமும் இல்லை. கஞ்சியைக் கொடுத்தால் வாங்கிக் குடித்தார்கள். எவரும் எவரையும் தேடவில்லை.

மைனி கட்டிலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“மைனி, நான்தான். நீ எனக்கு மொதல்ல எடுத்துத் தந்த சேலை என்ன கலரு?”

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். கடைக்காரியைப் பார்த்துச் சிரிப்பதுபோல ஒரு சிரிப்பு.

“தெரியலையே டாக்டரம்மா. தெரிஞ்சிருக்கணுமோ?”

“இந்தச் சேலையப் பாரு.”

“ரொம்ப அழகா இருக்கு டாக்டரம்மா. நாங்க வேலைக்குப் போலாமா?”

வாழ்நாளில் அவள் என்னிடம் அழகு என்ற சொல்லைச் சொன்னது அன்றுதான். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் அதையும் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். மாமியாருக்குத் திரும்பக் கிடைத்தது இவளுக்கும் கிடைக்க வேண்டுமானால் ஒரே வழிதான் இருந்தது. எல்லோரையும் படுக்கச் சொன்னேன். சொன்னதும் படுத்தார்கள். விளக்கைக் குறைத்தேன். காத்திருந்தேன்.

மரத்துக் கிடக்கிற ஆளுக்குக் குறட்டை வராது. முதல் குறட்டை மூலையிலிருந்து வந்தது. அடுத்தது மைனியுடையது. அவள் குறட்டைக்குப் பயந்துதான் அண்ணன் கப்பல் ஏறினான் என்று வீட்டில் சொல்வோம். கொஞ்ச நேரத்தில் கூடம் முழுக்கக் குறட்டை. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஹரிநாத் ஆட்களோடும் ஊசிப் பெட்டிகளோடும் வந்து சேர்ந்தபோது வங்கின் படியெல்லாம் ஜனம். கேள்வி வைத்திருந்த அத்தனை பேரும் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். மேல்படியில் நானும் அண்ணாச்சியும்.

“என்ன இது?” என்று கத்தினான்.

அண்ணாச்சி உதட்டில் விரலை வைத்தார். “மெதுவா சார். தூங்குதாக.”

அவன் உண்மையிலேயே குரலைத் தாழ்த்திக்கொண்டான். தூங்குகிறார்கள் என்றால் யாருக்கும் அது தானாக வந்துவிடும். அந்தச் சண்டை முழுவதும் குசுகுசுவென்றுதான் நடந்தது.

“டாக்டர், வழிவிடுங்க. திரும்ப ஊசி போடணும்.”

“தூங்கி எழும்பட்டும். பொறவு அவங்ககிட்டயே கேளுங்க, போடலாமான்னு.”

“நீங்க யாரு அதைச் சொல்ல?”

“பொறுப்பு டாக்டர். என் சம்மதம் இல்லாம உள்ள ஒரு ஊசி போகாது. நீங்க வச்ச சட்டம்தான்.”

“நீங்க மாட்டு டாக்டர்.”

“இது இன்னைக்குத்தான் தெரிஞ்சுதா? மனுஷங்கள மாட்டு டாக்டர்ட்ட விட்டுட்டுப் போனது யாருன்னு விசாரணையில கேப்பாங்க. நானும் சொல்லுவேன்.”

அவன் படியில் இருந்தவர்களைப் பார்த்தான். “தண்ணிக் குழாயை மூடிடுவேன். ஊர் முழுக்க. யோசிச்சுக்கோங்க.”

“மூடுங்க,” என்றார் அண்ணாச்சி, அதே மெல்லிய குரலில். “ஆவணியில மண்ணு தொடைக்க நீங்களே வாங்க. வாளி நாங்க தாரோம்.”

படியில் யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். ஹரிநாத் தன் ஆட்களைப் பார்த்தான். அவர்களில் இரண்டு பேர் உள்ளூர்க்காரர்கள். ஊசிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஜனத்தோடு உட்கார்ந்துகொண்டார்கள். அவன் காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனில் பேச ஆரம்பித்தான். யாரும் அவனைப் பொருட்படுத்தவில்லை.

வெயில் சாய்ந்த நேரத்தில் உள்ளே முதல் சத்தம் கேட்டது. யாரோ தண்ணீர் கேட்டுத் திட்டினார். அதைக் கேட்டு நாங்கள் எல்லோரும் உள்ளே ஓடினோம். ஒருவன் அழுதான். ஒருத்தி தன் செருப்பைக் காணவில்லை என்று சண்டை பிடித்தாள். கேள்விகள் கூடம் முழுக்கக் காதோடு காதாகக் கேட்கப்பட்டன. மாசானமுத்து அண்ணாச்சியின் மனைவி சரியான பதில் சொல்லிவிட்டாள். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிலர் பாதி சொன்னார்கள். பலரால் சொல்ல முடியவில்லை. எல்லாம் திரும்பி வந்தது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். போனது போனதுதான்.

மைனி எழுந்து உட்கார்ந்து தலைமுடியை அள்ளி முடிந்தாள். நான் கேள்வியைக் கேட்டேன். என் முகத்தையே நெடுநேரம் பார்த்தாள். உதடு அசைந்தது.

“தெரியல,” என்றாள். இந்த முறை சிரிக்கவில்லை. “தெரியலட்டி. நீ யாரு?”

நான் வாயைத் திறப்பதற்குள் ஹரிநாத் படியிறங்கி வந்துவிட்டான். போனில் யார் என்ன தைரியம் கொடுத்தார்களோ, என் முகத்துக்கு நேரே விரலை நீட்டிக் கத்தினான்.

“உங்களை வேலையை விட்டுத் தூக்குறது மட்டும் இல்ல, ஜெயில்ல வைக்காம விடமாட்டேன்.”

மைனி எழுந்து நின்றாள். கால் தடுமாறியது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு வந்து எனக்கும் அவனுக்கும் நடுவில் நின்றாள். அவனை யாரென்று அவளுக்குத் தெரியவில்லை என்பது கண்ணிலேயே தெரிந்தது. என்னையும் தெரியாது.

“ஏல, யாரு நீ? பொம்பளப் பிள்ளைட்ட எதுக்குக் கைய நீட்டுத?”

அவள் குரல் கூடத்தின் அந்தக் கோடிவரை போயிற்று. தலைகள் எல்லாம் திரும்பின. யாரென்று யாருக்கும் தெரியாமலே ஒவ்வொருவராக எழுந்து வந்து அவள் பின்னால் நின்றார்கள். ஹரிநாத் விரலை மடக்கிக்கொண்டு ஒரு படி ஏறினான். பிறகு இன்னொரு படி. பிறகு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

அந்தக் கோடையில் யாரும் மறுபடி படுக்கவில்லை. குழாயை மூடவும் கம்பெனிக்குத் துணிவு வரவில்லை. விசாரணை இன்னும் நடக்கிறது. என்னை உள்ளே வைத்தாலும் வைப்பார்கள். வைக்கட்டும், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

ஹரிநாத் போனதும் மைனி என் பக்கம் திரும்பினாள். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். முந்தானையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள்.

“ஏளா, இந்தக் கலரு ஒனக்குச் சேரவே இல்ல. எவ எடுத்துத் தந்தா இத?”

எனக்குக் கண்ணீரும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

“ஒரு கூறுகெட்டவ மைனி,” என்றேன்.

“ஆமா, பாத்தாலே தெரியுது,” என்றாள்.